கிலோமீட்டரை வகுத்தா மணி நேரம் வந்துடுமா?

கூகுளாண்டவர்கிட்ட ரெண்டு ஊர் பேரைக் கொடுத்து "விமானத்துல எவ்ளோ நேரம்"னு கேட்டுப் பாருங்க. கேட்ட மாத்திரத்துல ஒரு நூறு தளத்தைக் கொண்டாந்து கொட்டுவார். எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கும். மேல ஒரு உலக மேப்பு, அதுல வில்லு மாதிரி வளைஞ்ச ஒரு கோடு, கீழ தூரம் இவ்ளோ, பயண நேரம் இவ்ளோ. சென்னை – சான் பிரான்சிஸ்கோன்னு கேட்டா, தூரம் சுமார் 13,900 கிலோமீட்டர், பயண நேரம் 17 மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னேன்னு வரும். நிமிஷம் வரைக்கும் துல்லியமா போட்டிருப்பாங்க. பார்த்தா நம்பாம இருக்க முடியாது.

அந்த 17 எங்கேருந்து வருதுன்னா, பெரிய ராக்கெட் விஞ்ஞானம் ஒண்ணும் இல்ல மக்களே. பூமி உருண்டை மேல ரெண்டு புள்ளிக்கு நடுவுல இருக்கிற மிகக் குறைஞ்ச தூரத்தைக் கணக்குப் போட்டு, அதை மணிக்கு 850 கிலோமீட்டரால வகுத்து, மேலேறி கீழிறங்க ஒரு அரை மணி நேரம் சேர்த்துக்கறாங்க. அவ்ளோதான். எட்டாங்கிளாஸ் வகுத்தல். தூரக் கணக்குல தப்பே சொல்ல முடியாது. ஆனா அதுக்குக் கீழ "பயண நேரம்"னு எழுதறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு எரியுது. சென்னையிலேருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நிக்காம போற பயணிகள் விமானமே கிடையாது. இல்லாத விமானத்துக்கு எப்படிங்க பயண நேரம்?

ஒரு ஜோடி உதாரணம் சொல்றேன். சிங்கப்பூர் – நியூயார்க் கென்னடி விமான நிலையம், சுமார் 15,350 கிலோமீட்டர். சென்னை – புவனோஸ் ஐரிஸ், சுமார் 15,200. கிட்டத்தட்ட ஒரே தூரம், இன்னும் சொல்லப் போனா ரெண்டாவது கொஞ்சம் கம்மி. முதல் ஜோடிக்கு நடுவுல சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் ஏ350 வச்சு நிக்காம போகுது, உலகத்துலயே நீளமான பயணிகள் சேவை. 2004ல நியூவார்க்குக்கு ஆரம்பிச்சு, 2013ல கட்டுப்படி ஆகாம நிறுத்தி, 2018ல திரும்ப ஆரம்பிச்சு, 2020 நவம்பர்லேருந்து கென்னடிக்கும் ஓட்டறாங்க. பதினெட்டரை, பத்தொன்பது மணி நேரத்துல ஆள் போய் இறங்கிடலாம். ரெண்டாவது ஜோடிக்கு? குறைஞ்சது ரெண்டு விமானம், பல சமயம் மூணு. நல்ல இணைப்பு அமைஞ்சாலே ஒரு முழு நாளைத் தாண்டிடும், அமையலைன்னா ஒண்ணரை நாள். ஆனா அந்தக் கணக்குத் தளங்கள் ரெண்டுக்கும் ஒரே நேரத்தைப் போட்டுட்டு கம்முனு இருக்கும்.

"யோவ், திருவண்ணாமலைல உக்காந்துகிட்டு புவனோஸ் ஐரிஸுக்கு எதுக்குய்யா கணக்குப் போடற?"ன்னு கேக்கறவங்க ஒரு தடவை ஜனவரி மாசத்துல எங்க ஊருக்கு வாங்க. செங்கம் ரோட்டுல ரமணாசிரமத்துக்கு எதிர்த்தாப்புல அரை மணி நேரம் நின்னா போதும், பாதி உலகத்தைப் பார்த்துடலாம். டீக்கடைல பக்கத்துல உக்காந்திருக்கறவர் எந்தக் கண்டத்துலேருந்து வந்தவர்னு யூகிக்கறது எங்க ஊர்ல ஒரு விளையாட்டு. தென் அமெரிக்காக்காரங்ககிட்ட "எத்தனை மணி நேரம் ஆச்சு?"ன்னு கேட்டா மணிக்கணக்குல பதில் வராது. "ரெண்டு ராத்திரி"ம்பாங்க. அதுதான் சரியான அளவை. தூங்காம போன ராத்திரிகளை எண்ணறது :-)

சரி, நேரா போற விமானம் இருக்கிற இடத்துலயாவது தூரத்தை வகுத்தா நேரம் வருதான்னா, அதுவும் வராது. இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், கொஞ்சம் நீட்டிச் சொல்றேன், பொறுத்துக்கோங்க.

2015 டிசம்பர்ல ஏர் இந்தியா டெல்லியிலேருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நிக்காத சேவை தொடங்கிச்சு. முதல்ல மேற்கால, அட்லாண்டிக் பக்கமா பறந்தாங்க. அடுத்த வருஷம், 2016 அக்டோபர்ல, டெல்லியிலேருந்து போற பயணத்தை மட்டும் கிழக்கால திருப்பி பசிபிக் மேல விட்டாங்க. சுமார் 15,300 கிலோமீட்டர். பழைய வழியைவிட 1,400 கிலோமீட்டர் அதிகம். ஆனா பதினாலரை மணி நேரத்துல போய்ச் சேர்ந்துட்டாங்க, பழைய வழியைவிட ஏறக்குறைய ரெண்டு மணி நேரம் சீக்கிரமா!

காரணம் காத்து. விமானம் பறக்கிற உயரத்துல மேற்கேருந்து கிழக்கா ஆறு மாதிரி ஒரு காத்து ஓடிக்கிட்டே இருக்கு. கூடவே போனா தூக்கிட்டுப் போகும், எதிர்த்துப் போனா மூக்கைப் பிடிச்சுத் தள்ளும். கிரிவலப் பாதையில பௌர்ணமி கூட்டத்தோட சேர்ந்து நடக்கறதுக்கும் எதிர்த் திசையில நடக்கறதுக்கும் உள்ள வித்தியாசம்தான். அதே 14 கிலோமீட்டர், ஆனா எதிர்த்து வர்றவன் காலு தேஞ்சுடும். (எதிர்த் திசையில நடந்தா புண்ணியமும் கிடையாதுன்னு எங்க பாட்டி சொல்லும், அது தனிப் பதிவு.)

அப்புறம் வானத்துக்கும் வேலி இருக்கு. 2022 பிப்ரவரியில உக்ரைன் போர் ஆரம்பிச்சதும் ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்யா வானத்தை மூடிடுச்சு. பின்லாந்துக்காரங்களோட பின்ஏர், ஹெல்சிங்கியிலேருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்துல போய்க்கிட்டு இருந்தது, அப்புறம் பதிமூணு மணி நேரம் ஆச்சு. சில நாள் வடதுருவத்துக்கு மேலயே சுத்திப் போனாங்க, பயணிகளுக்கு "நீங்க வடதுருவத்தைக் கடந்தீங்க"ன்னு சான்றிதழ் வேற கொடுத்தாங்களாம். மூணரை மணி நேரம் கூடுதலா உக்கார வச்சதுக்கு ஒரு பேப்பர்! நம்ம பக்கத்துலயும் நடந்துச்சு. 2019ல பாலாகோட் சமயத்துல அஞ்சு மாசம் கிட்ட பாகிஸ்தான் வானம் பூட்டிக் கிடந்தது. 2025 ஏப்ரல் 24ம் தேதி திரும்ப இந்திய விமானங்களுக்கு மூடினாங்க. டெல்லியிலேருந்து நிக்காம அமெரிக்கா போய்க்கிட்டிருந்த சில விமானங்கள் வியன்னாவுலயும் கோபன்ஹேகன்லயும் எண்ணெய் ஊத்த நின்னு போகவேண்டியதாச்சு. டெல்லியும் நகரல, அமெரிக்காவும் நகரல. தூரம் அதேதான். நேரம்தான் மாறிச்சு.

2021 ஜனவரி 9ம் தேதி சான் பிரான்சிஸ்கோவிலேருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியாவோட முதல் நேரடி விமானம் கிளம்பினது ஞாபகம் இருக்கா? கேப்டன் ஸோயா அகர்வால், கூட மூணு பெண் விமானிகள், துருவ வழியா பறந்து கிட்டத்தட்ட 17 மணி நேரம். சனிக்கிழமை ராத்திரி அங்க கிளம்பி திங்கட்கிழமை விடியக்காலை இங்க இறங்கினாங்க. நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா வானத்துலயே கரைஞ்சு போச்சு. நம்மாளுங்க அன்னைக்குப் பிடிச்சது அந்த "17". அதிலேருந்து எங்க ஊர்ல யாரைக் கேட்டாலும் அமெரிக்கா 17 மணி நேரம்தான். நியூஜெர்சின்னாலும் 17, டெக்சாஸ்னாலும் 17, ஊருக்குப் போக ஆறு மணி நேரம் கார் ஓட்டணும்ங்கிற எங்கேயோ ஒரு மூலைன்னாலும் 17.

இவ்ளோ தூரம் எதுக்கு இழுக்கறேன்னா, இந்த எண் வெறும் பொது அறிவு எண் இல்ல. எங்க தெருவுல அது ஒரு மனுஷனோட மானத்தை வாங்கினதைப் பார்த்தேன்.

போன வருஷம் ஆனி மாசம். பக்கத்துத் தெரு பெரியவர் ஒருத்தர், ரிட்டயர்டு வாத்தியார், ஒரு செவ்வாய்க்கிழமை காலை அஞ்சு மணிக்கு இறந்துட்டார். ரெண்டு பொண்ணுங்க உள்ளூர்லயே. ஒரே பையன் கலிபோர்னியாவுல பொட்டி தட்டறார். வழக்கம் போல பந்தல் போட்டு, ஃப்ரீசர் பெட்டி வந்து, பறை சொல்லி, சங்கு ஊதறவர் வந்து எல்லாம் நடக்குது. எல்லார் வாயிலயும் ஒரே கேள்வி. "பையன் எப்ப வர்றான்?" கொள்ளி வைக்கணுமே.

அங்க இருந்த ஒரு ஒண்ணுவிட்ட மருமகப்பிள்ளை, விவரமானவர்னு பேரு, போனை எடுத்துத் தட்டினார். "13,900 கிலோமீட்டர். 17 மணி நேரம். இப்பக் கிளம்பினா நாளைக்குக் காலைல நிக்கறான். எதுக்கும் சாயந்திரம் மூணு மணின்னு வச்சுக்குவோம்." அவ்ளோதான். அது தீர்ப்பாயிடுச்சு. புதன்கிழமை மூணு மணிக்கு எடுக்கறதா ஊருக்கெல்லாம் போன் போச்சு. சேலத்துலேருந்தும் வேலூர்லேருந்தும் ஆளுங்க புதன்கிழமைக்குக் கிளம்பி வந்துட்டாங்க. சுடுகாட்டுக்கும் சொல்லியாச்சு.

பையன் வந்தது வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு.

அந்த 52 மணி நேரம் எப்படிப் போச்சுன்னு அவர்கிட்டயே பிற்பாடு கேட்டு எழுதி வச்சேன். இங்க செவ்வாய் காலை அஞ்சு மணின்னா அங்க திங்கட்கிழமை மாலை நாலரை. ஆபீஸ்ல இருந்திருக்கார். அன்னைக்கு ராத்திரி கிளம்பற விமானங்கள்ல இடம் இல்ல, இருந்த ஒண்ணுல நடுவுல பதினாறு மணி நேரம் காத்திருக்கணும். அதனால மறுநாள் மதியம் மூணரை மணி விமானம். அது கிளம்பினப்ப நமக்கு புதன்கிழமை காலை நாலு மணி. அதாவது அந்த மனுஷன் ஓட்டமா ஓடியும் சக்கரம் தரையை விட்டு எழும்பவே 23 மணி நேரம் ஆயிடுச்சு. வளைகுடா வரைக்கும் 16 மணி நேரம். அங்க விமான நிலைய நாற்காலியில நாலு மணி நேரம். அங்கேருந்து சென்னை நாலு மணி நேரம். இறங்கி வரிசையில நின்னு வெளிய வர ஒரு மணி நேரம். மீனம்பாக்கத்துலேருந்து காரு, நாலு மணி நேரம்.

கூட்டிப் பாருங்க. ஆகாயத்துல இருந்தது 20 மணி நேரம். மீதி 32 மணி நேரமும் தரையிலதான்.

வீட்டுல என்ன பேசினாங்கன்னு சொல்லணுமா? புதன்கிழமை மூணு மணிக்கு வந்த கூட்டம் ஆறு மணி வரை பார்த்துட்டுக் கிளம்பிடுச்சு. போறப்ப வாசல்ல செருப்பு மாட்டிக்கிட்டே ஒரு பெரியம்மா சொன்னது என் காதுல விழுந்தது. "17 மணி நேரம்தானாம்டி. மனசு இருந்தா வந்திருக்க மாட்டானா?" இன்னொருத்தர், "மதியம் வரைக்கும் ஆபீஸ் முடிச்சுட்டுத்தான் கிளம்பினானாம்"னு கண்ணால பார்த்த மாதிரி எடுத்துக் கொடுத்தார். அப்பா போன சேதி கேட்டு, ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காம, முன்பின் தெரியாதவங்களுக்கு நடுவுல சீட் பெல்ட் போட்டுக்கிட்டு அழக்கூட முடியாம உக்காந்து வந்தவர். அவர் வந்து இறங்கறதுக்கு முன்னாடியே ஊர் தீர்ப்பு எழுதி முடிச்சுட்டது. ஆதாரம்? 13,900 வகுத்தல் 850.

அவரோட அம்மா இன்னைக்கும் அதைச் சொல்லிக் குறைப்படறாங்க. "ஊரே வந்து நின்னப்ப நீ இல்லையேடா"ன்னு. அவர் பதில் பேசறதில்ல. என்ன சொல்ல முடியும், ஜெட் காத்தையும் இணைப்பு விமானத்தையும் எழவு வீட்டுல விளக்க முடியுமா?

அந்த ஒண்ணுவிட்ட மருமகப்பிள்ளையைக்கூட நான் குத்தம் சொல்ல மாட்டேன். அவர் நல்லதுக்குத்தான் பார்த்தார். நான் குத்தம் சொல்றது, தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி நிமிஷக் கணக்கோட போடற அந்தப் பக்கங்களை. "இது நேர்க்கோட்டுத் தூரத்தை வகுத்த கணக்கு, இந்த ஊர்களுக்கு நடுவுல நேரடி விமானம் கிடையாது"ன்னு ஒரு வரி போட்டா என்ன குறைஞ்சுடும்? பஸ் ஸ்டாண்டுல "சேலம் போக எவ்ளோ நேரம்"னு கேட்டா நம்ம கண்டக்டர் என்ன சொல்றார்? "நேர் வண்டின்னா இவ்ளோ, ஊத்தங்கரைல மாறினா இவ்ளோ, அதுவும் வண்டி நின்னா"ங்கறார். அந்த "வண்டி நின்னா"ங்கற வார்த்தையில இருக்கிற நேர்மை கம்ப்யூட்டருக்கு இல்ல.

விமான கம்பெனிங்க போடற நேரமும் முழுசு இல்ல, தெரிஞ்சுக்கோங்க. டிக்கெட்டுல இருக்கிறது வாசல்படியை விட்டு விமானம் நகர்ந்ததுலேருந்து அந்த ஊர்ல போய் நிக்கற வரைக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போறது, தாமதமானா சமாளிக்க சேர்த்து வச்ச கொஞ்ச நேரம் எல்லாம் அதுக்குள்ளயே அடக்கம். ஆனா நம்ம வீட்டு வாசலுக்கும் அந்த வாசல்படிக்கும் நடுவுல இருக்கிறதை யாரும் எழுத மாட்டாங்க. "டைரக்ட்"னு போட்டிருந்தா நிக்காதுன்னும் அர்த்தம் இல்ல. ஒரே எண்ணுல ஓடற விமானம் நடுவுல ஒரு ஊர்ல இறங்கி ஏறினாலும் அது டைரக்ட்தான். "நான்-ஸ்டாப்"னு இருந்தாத்தான் நிக்காது. அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போடறவங்க இந்த ஒரு வார்த்தையை மட்டும் ரெண்டு தடவை பாருங்க.

எங்க ஊர்க்காரங்களுக்கு இன்னொரு தனிக் கணக்கு இருக்கு. திருவண்ணாமலையிலேருந்து சென்னை விமான நிலையம் சுமார் 185 கிலோமீட்டர். பெங்களூர் நகரம் 200 சொச்சம். மேப்புல பார்த்தா ரெண்டும் அண்ணன் தம்பி. ஆனா மீனம்பாக்கம் இருக்கிறது சென்னைக்கு நம்ம பக்கம். செஞ்சி, திண்டிவனம், செங்கல்பட்டுன்னு வந்தா ஊருக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே விமான நிலையம் வந்துடும். பெங்களூர்ல 2008 மே மாசம் வரைக்கும் பழைய ஹெச்ஏஎல் நிலையம்தான், அதுகூட ஓசூர்லேருந்து போறவங்களுக்குத் தோது. அப்புறம் தேவனஹள்ளிக்கு மாத்திட்டாங்க. அது நகரத்துக்கு அந்தப் பக்கம், வடக்கால. செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர்னு சுகமா போயிட்டு, கடைசியில மொத்த பெங்களூரையும் நீந்திக் கடக்கணும். அந்தக் கடைசி நாப்பது, அம்பது கிலோமீட்டர் ஒரு நாள் ஒண்ணரை மணி நேரம், இன்னொரு நாள் மூணு மணி நேரம். இதை எந்தத் தூரக் கணக்கு சொல்லும்?

காரு வைக்க வசதி இல்லாதவங்க பஸ்ஸுல வந்து கிளாம்பாக்கத்துல இறங்கி, அங்கேருந்து பொட்டியைத் தூக்கிக்கிட்டு திரிசூலம் வரணும். வளைகுடா வழியா போற விமானங்கள் நிறைய நடுராத்திரி தாண்டித்தான் கிளம்புது. மூணு மணி நேரம் முன்னாடி வரச் சொல்றாங்க. ஆக விடியக்காலை நாலு மணி விமானத்துக்கு எங்க ஊர் ஆள் முந்தின நாள் சாயந்திரம் அஞ்சு மணிக்கே சாமி கும்பிட்டுக் கிளம்பிடுவார். முதல் சக்கரம் எழும்பறதுக்குள்ள பதினோரு மணி நேரம் காலி. அந்தப் பதினோரு மணி நேரத்துல சிங்கப்பூர் போய் (2,900 கிலோமீட்டர், நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல) திரும்பியே வந்துடலாம் :-)

அதுலயும் வர்ற நாள் பௌர்ணமியா இருந்தா போச்சு. பதினஞ்சாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தவர் ஊருக்கு வெளிய தற்காலிக பஸ் ஸ்டாண்டுல இறங்கி, கடைசி மூணு கிலோமீட்டரைப் பொட்டியை உருட்டிக்கிட்டே நடந்து வர்றதை நான் பார்த்திருக்கேன். தீபத்தன்னைக்கு வர்றவங்க நிலைமையை சொல்லவே வேணாம். அண்ணாமலையாரே நினைச்சாலும் தேரடித் தெருவுக்குள்ள வண்டி விட முடியாது.

இந்த மேப்பு ஏமாத்தற சமாச்சாரம் எங்க ஊருக்குப் புதுசும் இல்ல. இந்த ஊரோட பேரை உலகம் முழுக்கக் கொண்டுபோன பயணமே அப்படித்தான் ஆரம்பிச்சது. 1896 ஆகஸ்ட் 29. மதுரையில வேங்கடராமன்னு ஒரு பதினாறு வயசுப் பையன், பிற்பாடு ரமண மகரிஷி, வீட்டை விட்டுக் கிளம்பறார். கையில மூணு ரூபாய். ஒரு பழைய அட்லஸை எடுத்துப் பார்க்கறார். திருவண்ணாமலைக்குப் பக்கத்து ரயில் நிலையம் திண்டிவனம்னு அதுல தெரியுது. ரெண்டு ரூபாய் பதிமூணு அணா கொடுத்து திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்துடறார். உண்மையில விழுப்புரத்துலேருந்து திருவண்ணாமலை வழியா அதுக்குள்ள ரயில் பாதையே வந்துட்டது. அட்லஸ் பழசு, அதுல அந்தக் கோடு இல்ல. ரயில்ல கூட வந்த ஒரு மௌல்விதான், "திண்டிவனம் எதுக்கு, விழுப்புரத்துல மாறு"ன்னு சொல்லிக் கொடுக்கறார்.

விழுப்புரத்துல விடியக்காலை இறங்கினா கையில மிச்சம் ரெண்டரை அணா. ரெண்டரை அணாவுக்கு மாம்பழப்பட்டு வரைக்கும் டிக்கெட். அங்கேருந்து நடை. அரகண்டநல்லூர் கோயில், கீழூர்ல ஒரு பாகவதர் வீட்டுல சாப்பாடு, காதுல இருந்த கடுக்கனை அடகு வச்சு நாலு ரூபாய், திருக்கோவிலூர்லேருந்து திரும்ப ரயில். செப்டம்பர் 1 காலையில திருவண்ணாமலை. ஒரு ராத்திரி, ஒரு பகல்ல முடிய வேண்டிய தூரத்துக்கு மூணு நாள் ஆச்சு. அவருக்கு அது குறையா தெரிஞ்சிருக்காது, நமக்கு அந்தப் பக்குவம் இல்ல. ஆனா நான் அந்தக் கதையில எப்பவும் பார்க்கறது அந்த மௌல்வியைத்தான். மேப்பு சொன்னதை நம்பாம, எங்க மாறணும்னு சொன்ன ஒரே ஆள்.

வேடிக்கை என்னன்னா, அந்தப் பையன் டிக்கெட் எடுத்த திண்டிவனத்துலேருந்து திருவண்ணாமலைக்கு நேரா ஒரு ரயில் பாதை போடறோம்னு 2000களோட நடுவுல அனுமதி கொடுத்தாங்க. செஞ்சி வழியா, எழுபது கிலோமீட்டர் சொச்சம். இன்னும் ரயில் ஓடல. சென்னை கடற்கரையிலேருந்து வேலூர் வழியா சுத்திக்கிட்டு வர்ற ஒரு வண்டியை 2024 மே மாசம் எங்க ஊர் வரைக்கும் நீட்டினதுக்கே ஜனங்க மாலை போட்டாங்க.

ஆக, வெளிநாட்டுல ஆணி புடுங்கற நம்ம பதிவர் மக்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டுல கேட்டா "17 மணி நேரம்மா"ன்னு கெத்தா சொல்லாதீங்க. ஆறுதலுக்காகத்தான் சொல்றீங்க, பக்கத்துல இருக்கிற மாதிரி அவங்க நினைச்சுக்கட்டும்னு. தெரியும். ஆனா அந்த எண்ணை அவங்க பத்திரமா வச்சிருப்பாங்க, ஒரு நாள் எடுத்து விரிப்பாங்க. அதுக்குப் பதிலா உங்க வீட்டு வாசல்லேருந்து அவங்க வீட்டு வாசல் வரைக்கும், சேதி கேட்ட நிமிஷத்துலேருந்து, நிஜமா எவ்ளோ ஆகும்னு ஒரு தடவை உக்காந்து கணக்குப் போடுங்க. உங்க ஊர்லேருந்து எந்தெந்த நேரத்துல விமானம் கிளம்புது, அன்னைக்கு விமானத்தைத் தவற விட்டா அடுத்தது எப்போ, எந்த ஊர்ல மாறணும், எங்கேயாவது வழிக்கு விசா வேணுமா, பாஸ்போர்ட் கையில இருக்கா இல்ல ஏதாவது அலுவலகத்துல மாட்டிக்கிட்டிருக்கா. அதை ஒரு தாள்ல தமிழ்ல எழுதி வீட்டுல அக்காகிட்டயோ பக்கத்து வீட்டு அண்ணன்கிட்டயோ கொடுத்து வைங்க. "ரெண்டு நாள் ஆகும், ரெண்டரை நாளும் ஆகலாம்"னு இப்பவே சொல்லிடுங்க. நல்ல நாள்ல சொன்னா அபசகுனம்னு தங்கமணி முறைப்பாங்க. முறைக்கட்டும்.

இங்க இருக்கிறவங்களுக்கு, பையனோ பொண்ணோ விமானத்துல ஏறி உக்கார்ற வரைக்கும் எடுக்கற நேரத்தை ஊருக்கு அறிவிக்காதீங்க. ஏறினதுக்கப்புறம் விமான எண்ணைப் போட்டா எங்க பறக்குதுன்னே போன்ல தெரியுது. அது நிஜக் கணக்கு. அதை நம்பலாம்.

சென்னையிலேருந்து அமெரிக்காவுக்கு நிக்காம ஒரு விமானம் வந்தா பாதிப் பிரச்சினை தீரும்தான். பரந்தூர்ல புது விமான நிலையம் வந்தா எங்களுக்கு ஆரணி, செய்யாறு, காஞ்சிபுரம்னு ஒரு மணி நேரத்துக்கு மேல மிச்சம் ஆகும்னு எங்க ஊர் டீக்கடையில எல்லாரும் ஆசையா பேசறாங்க. எனக்கும் ஆசை இல்லாம இல்ல. ஆனா 2022ல அறிவிப்பு வந்ததுலேருந்து ஏகனாபுரத்துல ராத்திரி ராத்திரியா போராடினவங்களோட ஏரியும் நஞ்சையும்தான் எனக்கு மிச்சமாகப் போற அந்த ஒரு மணி நேரம். அதனால அதைப் பத்தி என்னால முழு மனசா கை தட்ட முடியல. அதை விடுங்க, இன்னொரு நாள் பேசுவோம்.

அந்த வாத்தியார் பையன் திரும்பிப் போறதுக்கு முன்னாடி அம்மாவோட பீரோ கதவுல ஒரு தாள் ஒட்டிட்டுப் போயிருக்கார். பெரிய எழுத்துல, "52 மணி நேரம்". கீழ அஞ்சு வரியில எங்கெங்க எவ்ளோன்னு. அந்தம்மா மூக்குக்கண்ணாடி போட்டுக்கிட்டு அதைப் படிச்சுப் பார்த்துட்டு, "இந்த நாலு மணி நேரம் என்னடா, எங்க சாப்பிட்ட?"ன்னு கேட்டாங்களாம்.

டிஸ்கி: அவசரத்துக்கு எடுக்கற டிக்கெட் விலையைப் பத்தி இதுல ஒரு வார்த்தைகூட எழுதல. அது தனி ஒப்பாரி, தனிப் பதிவாவே வைக்கணும்.